குளத்து நீரும் இறால் நோயும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கொழும்பில் இருந்துகொண்டு சிலாபம், முந்தல், உடப்பு, புத்தளம் பக்கம் இறால் குளம் நடத்துபவர்கள் பலர். பண்ணையில் நிற்பவர் தொலைபேசியில் சொல்லும் எண்களை நம்பித்தான் அவர்கள் முடிவெடுக்கிறார்கள். இம்முறை வந்த கேள்விகளில் பல, "என்ன மருந்து போடலாம்?" என்றே முடிகின்றன. வைரசுக்கு மருந்தே இல்லாத இந்தத் தொழிலில் பணம் போக வேண்டிய இடம் வேறு: அடிமண், நீர்ச் சுத்திகரிப்பு, அளவுகருவி. பதில்களையும் இந்த மூன்றையும் மனதில் வைத்தே பார்க்கிறோம்.

ஒரு ஏக்கர் குளத்தில் அமோனியா லீற்றருக்கு 1 மில்லிகிராம் என்று டெஸ்ட் கிட் காட்டுகிறது. கடைக்காரர் பயப்பட வேண்டாம் என்கிறார், பக்கத்துக் குளத்துக்காரர் உடனே தண்ணீர் மாற்றச் சொல்கிறார். யார் சொல்வது சரி? (வெள்ளவத்தை)

பி.எச்., அதாவது நீர் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதைக் காட்டும் எண், எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் இருவருமே சரியாகச் சொல்லியிருக்க முடியாது. கிட் காட்டுவது மொத்த அமோனியா. அதில் இறாலைக் கொல்வது அயனாகாத பகுதி மட்டும்தான். நீரின் வெப்பநிலை 29 பாகை அளவில் இருக்கும்போது, பி.எச். 7இல் அந்தப் பகுதி நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. 8இல் ஏறக்குறைய 7 வீதம், 9இல் 40 வீதத்தை எட்டிவிடும். ஆகவே அதே 1 மில்லிகிராம், பி.எச். 8 உள்ள குளத்தில் 0.07 மில்லிகிராம் நஞ்சு, 9 உள்ள குளத்தில் 0.4 மில்லிகிராம் நஞ்சு. லீற்றருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதுதான் நாம் காக்க வேண்டிய எல்லை.

இன்னொன்று, அளக்கும் நேரம். பாசி அடர்ந்த குளத்தில் பி.எச். காலையில் 7.8 ஆகவும் பின்னேரம் 8.9 ஆகவும் இருக்கலாம். காலை ஆறு மணிக்கு அளந்துவிட்டு நிம்மதியாக இருப்பவருக்குப் பின்னேரம் மூன்று மணிக்கு நடப்பது தெரியாது. ஒட்சிசனை விடியுமுன் அளக்க வேண்டும், பி.எச்.சை இரண்டு வேளையும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 0.5ஐத் தாண்டினால், பாசி மிகுந்துவிட்டது அல்லது காரத்தன்மை (பி.எச். ஏறி இறங்காமல் தாங்கும் நீரின் வலு) குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அமோனியா எங்கிருந்து வருகிறது என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 36 வீதப் புரதமுள்ள தீன் 100 கிலோவில் நைதரசன் 5.8 கிலோ அளவில் இருக்கிறது. அதில் காற்பங்கு அளவே இறாலின் உடலில் சேரும். மிச்சம் 4 கிலோவுக்கு மேல் நீருக்கும் சேற்றுக்கும் போகிறது. உங்கள் குளம் 4,000 சதுர மீற்றர், ஆழம் 1 மீற்றர் என்றால் 4,000 கன மீற்றர் நீர். அந்த 4 கிலோ முழுவதும் கரைந்தால் லீற்றருக்கு 1 மில்லிகிராம். பாசியும் பற்றீரியாவும் அன்றாடம் தின்று தீர்ப்பதால்தான் கிட்டில் அவ்வளவு தெரிவதில்லை.

எனவே முதல் வேலை தீனைக் குறைப்பது: இரண்டு மூன்று நாளைக்கு 30 வீதம் குறையுங்கள். தீன் தட்டில் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் தீன் மிஞ்சினால் இன்னும் குறைக்கலாம். நீர் மாற்றுவதானால் சுத்திகரித்து வைத்திருக்கும் தேக்கக் குளத்து நீரை மட்டும் விடுங்கள். அமோனியாவுக்குப் பயந்து கால்வாய் நீரை நேரடியாக உள்ளே விட்டு, வெண்புள்ளி எனும் வைரசு நோயை வரவழைத்துக்கொள்வது நஷ்டத்திலும் பெரிய நஷ்டம். அமோனியாவை எடுத்துக்கொள்ளும் பற்றீரியாவைப் பெருக்க மொலாசஸ் (சீனி ஆலைக் கழிவுப்பாகு) போடுவதானால் ஒரு கிலோ அமோனியா நைதரசனுக்குச் சுமார் 20 கிலோ தேவை. நான்கைந்து நாட்களாகப் பிரித்து, காலையில், ஏரேட்டர் (நீரில் காற்றுக் கலக்கும் இயந்திரம்) எல்லாம் ஓடும்போது போடுங்கள். அதைத் தின்று பெருகும் பற்றீரியா ஒட்சிசனையும் தின்னும். மாலையில் கொட்டிவிட்டுத் தூங்கப் போனால் விடியற்காலையில் இறால் மேலே மிதக்கும்.

காரத்தன்மை லீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் சோடியம் பைகாபனேற்று விரைவாக வேலை செய்யும். 1 மில்லிகிராம் உயர்த்த, கன மீற்றருக்கு 1.7 கிராம். உங்கள் குளத்தில் 20 உயர்த்த 135 கிலோ அளவில் வேண்டும். பி.எச். ஏற்கனவே உயர்ந்திருக்கும் குளத்தில் சுட்ட சுண்ணாம்போ நீற்றிய சுண்ணாம்போ போடவே கூடாது.

குளோரின் போட்ட பிறகும் நண்டு இருக்கிறது. சுண்ணாம்பு போட்டு, மறுநாள் குளோரின் போட்டோம். அளவு போதாதா? (மட்டக்குளி)

அளவை விட வரிசைதான் பிழை. சுண்ணாம்பு பி.எச்.சை ஏற்றிவிடுகிறது. குளோரினில் கிருமி கொல்லும் வடிவம் பி.எச். 7.5இல் ஏறக்குறைய பாதி இருக்கும். 8.5இல் பத்தில் ஒன்றளவே மிஞ்சும். ஒரே தூள், ஒரே செலவு, வேலை மட்டும் ஐந்தில் ஒன்று. சுண்ணாம்பு வேண்டுமானால், குளோரின் முழுவதும் கழிந்த பிறகு போடுங்கள்.

முறை இதுதான். 250 முதல் 300 மைக்ரோன் வலைப்பை வழியாக நீரை நிரப்பி, இரண்டு மூன்று நாள் சும்மா விடுங்கள். வலையைத் தாண்டி வந்த முட்டைகள் பொரிக்கட்டும். பொரித்த உயிரியைக் கொல்வது முட்டையைக் கொல்வதை விட எளிது. பிறகு 65 வீதக் கல்சியம் ஐப்போகுளோரைற்றுத் தூளை கன மீற்றருக்கு 30 கிராம் வீதம் போடுங்கள். 4,000 கன மீற்றருக்கு 120 கிலோ, அதாவது 20 பி.பி.எம். (லீற்றருக்கு 20 மில்லிகிராம்) அளவு செயற்படு குளோரின். வெயில் குளோரினைச் சிதைக்கும் என்பதால் மாலையில் போட வேண்டும். வாளியில் முதலில் நீர், பிறகு தூள். தூளின் மேல் நீரை ஊற்ற வேண்டாம். ஏரேட்டரை ஓடவிட்டுக் குளம் முழுவதும் பரப்புங்கள். ஒரு மணி நேரம் கழித்து மூலைகளில் மீதிக் குளோரினைச் சோதியுங்கள். அப்போதே பூச்சியம் என்றால், சேறும் அழுக்கும் அதைத் தின்றுவிட்டன, அல்லது ஈரத்தில் கிடந்த பழைய தூள் வலுவிழந்துவிட்டது.

வெண்புள்ளியைச் சுமந்து வரக்கூடிய நண்டின் விடயம் வேறு. குளோரின் நீர் எரிச்சல் தந்தால் நண்டு வரம்பில் ஏறிப் பொந்துக்குள் போய்விடும், இரண்டு நாளில் திரும்பி வரும். அதைக் குளோரின் தடுக்காது, வேலிதான் தடுக்கும்: வரம்பைச் சுற்றி 40 முதல் 50 சென்றிமீற்றர் உயரத்தில் பிளாஸ்ரிக் தகடு, அடி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். பொந்துகளைக் குளம் காய்ந்திருக்கும்போதே சுண்ணாம்பு போட்டு அடையுங்கள்.

குஞ்சுக்குப் பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) செய்து நோய் இல்லை என்று அறிக்கை வாங்கினோம். ஆனாலும் 45ஆம் நாளில் வெண்புள்ளி. ஆய்வுகூடம் ஏமாற்றிவிட்டதா? (கொட்டாஞ்சேனை)

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. 150 குஞ்சுகளைச் சேர்த்துச் சோதித்தால், பொரிப்பகத் தொட்டியில் நூற்றுக்கு இரண்டு குஞ்சுக்கு நோய் இருக்கும் நிலையில் அதைப் பிடிக்கும் வாய்ப்பு 95 வீதம். ஆயிரத்துக்கு ஐந்து குஞ்சுக்கு மட்டும் இருந்தால், அந்த வாய்ப்பு பாதியளவுக்கு இறங்கிவிடும். நீங்கள் 40,000 குஞ்சு விட்டிருந்தால் அந்த ஐந்து என்பது 200 குஞ்சு. ஒரு குளத்துக்கு அது போதும். அதனால் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். சோர்ந்து கிடக்கும் குஞ்சுகளை முதலில் சேர்க்கச் சொல்லுங்கள். துடிப்பாக நீந்துவதை மட்டும் அள்ளிக் கொடுத்தால் அறிக்கை எப்போதும் நன்றாகவே வரும்.

ஆனால் 45 நாள் கழித்து வந்த நோய் பெரும்பாலும் குஞ்சோடு வந்ததல்ல, வெளியிலிருந்து வந்தது. புத்தளம் மாவட்டத்தின் சிக்கலே இதுதான். ஒல்லாந்தர் கால்வாயும் முந்தல் களப்பும் பல பண்ணைகளுக்கு நீர் எடுக்கும் இடமாகவும் கழிவு விடும் இடமாகவும் இருக்கின்றன. 1996இல் வெண்புள்ளி நோய் இந்தக் கரையோரத்தில் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இது ஒரு முக்கிய காரணம். நக்டா எனும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை வலயம் வலயமாகப் பயிர் நாட்காட்டி போடுவதும் இதற்காகத்தான். பக்கத்து வலயம் நோய்க் குளத்தைத் திறக்கும் நேரத்தில் நீங்கள் நீர் எடுக்கக் கூடாது. நாட்காட்டியை மீறி ஒருவர் குஞ்சு விட்டால் கால்வாய் முழுவதும் அதன் விலையைக் கொடுக்கிறது.

நோய் உறுதியானால் மதகைத் திறக்க வேண்டாம். விற்கக் கூடிய அளவு என்றால் நீரை வெளியேற்றாமல் வீச்சு வலையால் பிடியுங்கள். பிறகு மேலே சொன்ன அளவில் குளோரின் போட்டு, குறைந்தது ஒரு வாரம் நீரை அடைத்து வையுங்கள். செத்த இறாலைப் பொறுக்கிச் சுண்ணாம்போடு ஆழப் புதையுங்கள், காகம் பக்கத்துக் குளத்தில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அயலவருக்கும் நக்டா அலுவலகத்துக்கும் அன்றே சொல்லுங்கள். மறைத்தால் அயலவர் அதே நாளில் நீர் எடுப்பார்.

இரவு பெருமழை. விடிந்து பார்த்தால் கரையோரம் இறால் செத்துக் கிடக்கிறது. (தெமட்டகொடை)

50 மில்லிமீற்றர் மழை உங்கள் 4,000 சதுர மீற்றர் குளத்தில் 200 கன மீற்றர் நன்னீரைக் கொட்டுகிறது. அது உப்பு நீரின் மேல் தட்டாக நிற்கும். கீழே ஒட்சிசன் தீரும், இறாலோ கீழேதான் இருக்கும். மழை தொடங்கும்போதே ஏரேட்டரைப் போட வேண்டும், மதகின் மேற்பலகையை எடுத்து மேல் நீரை மட்டும் வழியவிட வேண்டும். மழைக்கு முன் வரம்பில் விவசாயச் சுண்ணாம்பு (சுடாத சுண்ணாம்புக்கல் தூள்) தூவியிருந்தால், ஓடிவரும் புளித்த மண்ணீர் பி.எச்.சை இறக்காது. அன்று தீன் போட வேண்டாம். உண்மையான ஆபத்து இரண்டாம், மூன்றாம் நாள்: பாசி செத்து நீர் தெளியும், விடியற்காலை ஒட்சிசன் லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போகும். மின்சாரம் நின்றால் ஜெனரேற்றர் ஓடுமா என்பதை மாரிக்கு முன்பே ஓட்டிப் பாருங்கள்.

இறால் சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை. பெரிதும் சிறிதுமாக இருக்கிறது, வெள்ளை நூல் போல மலம் மிதக்கிறது. (வத்தளை)

ஈ.எச்.பி. எனும் நுண்ணொட்டுண்ணியாக இருக்கலாம். வெள்ளை மலத்துக்கு விப்ரியோ பற்றீரியாவும் காரணமாகலாம் என்பதால், ஈரல்பகுதியை எடுத்துப் பி.சி.ஆர். செய்தே முடிவு செய்யுங்கள். ஈ.எச்.பி. என்றால் குளத்தில் வைத்துக் குணமாக்க வழியில்லை. தீன் செலவையும் எடை ஏற்றத்தையும் வாராவாரம் எழுதிப் பார்த்து, தீன் காசு இறால் காசை மீறும் வாரத்தில் அறுவடை செய்யுங்கள்.

அடுத்த பயிருக்கு முன் அடிமண்தான் வேலை. கறுத்த சேற்றை அள்ளி அகற்றி, குளத்தைக் காயவிட்டு, ஹெக்டேயருக்கு 6 தொன் வீதம் சுட்ட சுண்ணாம்பைப் போட்டு 10 முதல் 12 சென்றிமீற்றர் ஆழத்துக்கு உழுங்கள். ஒரு ஏக்கருக்கு 2.4 தொன். பிறகு நீர் தெளித்து நனைக்க வேண்டும். மண்ணின் பி.எச். 12க்கு ஏறி இரண்டொரு நாள் நிற்க வேண்டும். காய்ந்த மண்ணில் தூவிவிட்டு நனைக்காமல் விடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் பிழை. விவசாயச் சுண்ணாம்பு எத்தனை தொன் போட்டாலும் இந்த வேலையைச் செய்யாது. உழுபவர்கள் கண்ணாடியும் சப்பாத்தும் போடாமல் இறங்கவே கூடாது, சுட்ட சுண்ணாம்பு கண்ணை எரித்துவிடும். அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது வெண்புள்ளியோடு ஈ.எச்.பி. சோதனையும் கேளுங்கள்.

அன்ரிபயோற்றிக் கலந்த தீன் கொடுக்கலாமா? (கிராண்ட்பாஸ்)

வேண்டாம். வைரசையும் ஈ.எச்.பி.யையும் அது தொடாது. குளோரம்பெனிக்கோலும் நைத்திரோபியூரான்களும் ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவு விலங்குகளுக்குத் தடைசெய்யப்பட்டவை. எச்சம் தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கே நிற்கும்.

பேலியகொடை மீன் சந்தையில் வாங்கிய இறாலின் ஓட்டில் வெள்ளைப் புள்ளி. சாப்பிடலாமா? (பம்பலப்பிட்டி)

வெண்புள்ளி வைரசு மனிதரைத் தொற்றாது. இறால் புதிதாக இருந்து, நன்றாகச் சமைத்தால் சாப்பிடலாம். குளிரூட்டியில் நெடுநாள் இருந்ததில் தெரியும் உலர்ந்த வெள்ளைத் திட்டு, குளிரில் காய்ந்ததாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வைரசு உறைநிலையிலும் உயிரோடிருக்கும். தலையையும் ஓட்டையும் பச்சையாகக் கால்வாயில் கொட்ட வேண்டாம். நீர்கொழும்புக் களப்பிலோ புத்தளம் களப்பிலோ தூண்டில் போடப் போகிறவர்கள், கடையில் வாங்கிய பச்சை இறாலை இரையாகக் கொண்டுபோக வேண்டாம்.