விரல் தொடாத பியானோ: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இசையமைப்பாளர் கான்லன் நான்காரோ பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அவருடைய தானியங்கி பியானோ இசையைக் கேட்டேன். பத்துப் பேர் சேர்ந்து கட்டைகளின் மேல் விழுந்து புரள்வதுபோல் இருந்தது. கை படாமல், காகிதத் துளைகளால் வாசிக்கப்படும் ஒன்றில் உணர்ச்சி எப்படி வரும்? வெறும் வித்தையாகத்தான் படுகிறது.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

நான்காரோவின் தானியங்கி பியானோ இசைத்துண்டுகளை எண்ணால்தான் குறிப்பிடுவார்கள்; எந்த எண்ணைக் கேட்டீர்கள் என்று சொல்லவில்லை. 40ஆம் எண்ணாக இருந்தால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அதில் இரண்டு குரல்களின், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு இசை இழைகளின், வேக விகிதம் கணித மாறிலிகளான e-க்கும் π-க்கும் உள்ள விகிதம். சத்தியமாக அந்தக் கணக்கு என் காதுக்கும் எட்டுவதில்லை.

ஆனால் கை படாத இசை என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. காகிதச் சுருளின் ஒவ்வொரு துளையையும் நான்காரோ கையால்தான் குத்தினார். துளை வருமிடத்தில் காற்று உறிஞ்சப்பட்டு, அந்தக் கட்டைக்குரிய சுத்தியல் தந்தியை அடிக்கும். சில நிமிட இசைக்கு மாதக்கணக்கில் வேலை. தெறிப்பான ஒலி வேண்டும் என்று சுத்தியல்களைக்கூட மாற்றி அமைத்துக்கொண்டார்.

இயந்திரத்திடம் அவரைக் கொண்டுபோனதில் அரசியலுக்கும் பங்குண்டு. 1912இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர், ஜாஸ் டிரம்பெட் வாசித்தவர். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசுப் பக்கம் நின்று சண்டை போட்டார். கம்யூனிஸ்ட் என்பதால் ஊர் திரும்பியபின் பாஸ்போர்ட் சிக்கல். 1940இல் மெக்சிகோ நகரத்துக்குப் போனவர் அங்கேயே குடிமகனும் ஆகிவிட்டார். அவர் எழுதிய தாளச் சிக்கல்களை வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. அந்த மாதிரித் தாளங்களைத் தானியங்கி பியானோவில் வாசிக்கவைக்கலாம் என்று அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கோவெல் ஒரு நூலில் ஏற்கெனவே எழுதியிருந்தார். நான்காரோ அதைப் பிடித்துக்கொண்டார். 1947இல் நியூயார்க் போய், கையால் இயக்கித் துளையிடும் இயந்திரம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். அப்புறம் பல பத்தாண்டுகள் அதே வேலைதான். 1980களில் ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டி கொண்டாடிய பிறகே ஐரோப்பா அவரைக் கவனித்தது.

நீங்கள் 21ஆம் எண்ணைக் கேளுங்கள். சுமார் மூன்று நிமிடம்தான். இரண்டே குரல்கள். கீழ்க்குரல் மெதுவாகத் தொடங்கி வேகமெடுத்துக்கொண்டே போகிறது. மேல்குரல் படுவேகத்தில் தொடங்கித் தளர்ந்துகொண்டே வருகிறது. நடுவில் ஓரிடத்தில் இரண்டும் ஒரே வேகத்தில் இருக்கும், உடனே விலகிவிடும். தனி ஆவர்த்தனத்தில் நடை மாறுவதைப் பின்தொடரத் தெரிந்தவருக்கு இதைப் பிடிப்பது கஷ்டமில்லை. ஆனால் இங்கே காலப்பிரமாணமே நிலையாக நிற்காது. உணர்ச்சி எங்கே என்றால், அந்தச் சந்திப்புக்காகக் காது காத்திருக்கிறதே, அதில்தான் என்பேன். மெல்லிசையின் உருக்கத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

சிரித்துக்கொண்டே கேட்க 3ஆம் எண் இருக்கிறது, முழுக்க பூகி-வூகி என்ற துள்ளலான பியானோ பாணி. அந்த ஜாஸ் டிரம்பெட்காரர் எங்கும் போய்விடவில்லை என்று தெரியும். பிற்காலத்தில் மனிதர்களுக்கும் எழுதினார். ஆர்டிட்டி என்ற நால்வர் தந்தி வாத்தியக் குழுவுக்காக எழுதிய மூன்றாம் நால்வர் தந்தி இசையில் நான்கு பேரும் 3:4:5:6 என்ற விகிதத்தில் தனித்தனி வேகத்தில் வாசிக்கிறார்கள். விரல் பட்டால்தான் இசை என்று நினைத்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். 40ஐ இப்போதைக்குத் தொடாதீர்கள்.