ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள்

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டிலிருந்து ஓர் அம்மா பேசினார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. நர்ஸிங்தான் படிப்பேன், அதுவும் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருட அரசுக் கல்லூரியில், படிப்பேன் என்கிறாளாம். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டால் வேறு படிப்பே கிடையாது. சென்னையிலிருந்து பெரியப்பா வேறு, "அமெரிக்கா வரைக்கும் போய் நர்ஸா?" என்று கேட்டுவிட்டாராம். "நீங்கதான் சார் எடுத்துச் சொல்லணும்" என்றார்.

சொல்கிறேன் அம்மா, ஆனால் உங்களிடம்.

ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு ஆறு மாதமும் இன்சுலின் போட்டது இவள்தான், வேளையும் அளவும் எழுதிய தாள் இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னீர்கள். கோடிங் வகுப்பிலிருந்து மூன்றாம் வாரமே நின்றுவிட்டாள் என்றும் சொன்னீர்கள். இதற்கு மேல் ஆப்டிட்யூட் டெஸ்ட் எதற்கு?

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் தனியார் பல்கலைக்கு வருடம் 80,000 டாலர். அதற்காக வீட்டின் மேல் கடன் வாங்காதீர்கள். கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜில், மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் கணக்கு அது) 46 டாலர். முன்படிப்பெல்லாம் சேர்த்து 90 யூனிட் என்றே வைத்தாலும் 4,140தான். புத்தகம், சீருடை, லைசென்ஸ் கட்டணம் தனி.

ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ், ஆக நான்கு வருடப் பட்டம் கட்டாயமில்லை. 1952-இல் மில்ட்ரெட் மான்டாக் என்ற நர்ஸிங் பேராசிரியர் ஏழு காலேஜ்களில் சோதனையாகத் தொடங்கிய ஏ.டி.என். என்ற இரண்டு வருட நர்ஸிங் படிப்பு போதும். நான்கு வருட பி.எஸ்.என். பட்டம் முடித்தவர் எழுதும் அதே என்கிளெக்ஸ் லைசென்ஸ் தேர்வு, அதே லைசென்ஸ். உங்கள் ஊரிலிருந்து ஓலோனி காலேஜும் ஹேவர்டின் ஷபோ காலேஜும் எட்டும் தூரம்தான். பெயருக்கு இரண்டு வருடம். அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி முதலில் முடிக்க வேண்டும் என்பதால் மூன்றைத் தாண்டும். இடம் கிடைப்பதுதான் கஷ்டம். சில காலேஜ்கள் மதிப்பெண்ணையும் டீஸ் என்ற நர்ஸிங் நுழைவுத் தேர்வையும் பார்க்கும், சில குலுக்கல் போடும். நான்கைந்துக்கு விண்ணப்பியுங்கள். எந்தக் காலேஜில் எத்தனை பேர் என்கிளெக்ஸ் தேறினார்கள் என்று மாநில நர்ஸிங் வாரியம் வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

பெரிய மருத்துவமனைகள் பி.எஸ்.என். கேட்பது உண்மைதான். கால் ஸ்டேட் என்ற மாநில அரசுப் பல்கலையோடு கைகோத்திருக்கும் காலேஜ் என்றால், படிக்கும்போதே அந்த பி.எஸ்.என். பாடங்களையும் எடுத்துக்கொண்டு போகலாம். சம்பளம் பற்றி அப்பா கேட்டால், நாடு முழுவதற்குமான ஆர்.என். நடுமட்டச் சம்பளம் 2023 மே கணக்கில் 86,070 டாலர் என்று சொல்லுங்கள். கலிபோர்னியாவில் இன்னும் கூட.

அவளுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். இந்தக் கோடையில் சி.என்.ஏ., அதாவது நர்ஸிங் உதவியாளர், பயிற்சி. இங்கே குறைந்தது 160 மணி நேரம், அதில் 100 மணி நேரம் நோயாளிகளோடு. குளிப்பாட்ட வேண்டும், டயபர் மாற்ற வேண்டும், முதியவர் எரிந்து விழுந்தால் கேட்டுக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் அங்கேயே விட்டுவிடட்டும், யாரும் குத்திக் காட்டக் கூடாது. அதை முடித்த பிறகும் நர்ஸிங்தான் என்றால், பெரியப்பாவின் நம்பரை எனக்குக் கொடுங்கள். நான் பேசிக்கொள்கிறேன்.