வாசகர் கேட்கிறார்: 'டேபிள்'

கேள்வி: ‘டு டேபிள்’ என்னும் ஆங்கில வினைக்குத் ‘தாக்கல் செய்தல்’, ‘கிடப்பில் போடுதல்’ என நேரெதிரான இரு பொருள்களைக் காண்கிறேன். எது சரி?

பதில்: இரண்டும் சரியே. ஓர் அறிக்கையை ‘டேபிள்’ செய்தார்கள் என்றால், பிரிட்டனிலும் இந்தியாவிலும் அதை அவை முன் வைத்தார்கள் என்று பொருள்; அமெரிக்காவிலோ அதன் மீதான விவாதத்தைத் தள்ளிவைத்தார்கள் என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது, ஓர் ஆவணத்தை உடனே ‘டேபிள்’ செய்யவேண்டும் என்று பிரிட்டன் அதிகாரிகள் வற்புறுத்த, அது மிக முக்கியமானது, அப்படிச் செய்யவே கூடாது என்று அமெரிக்கர்கள் மறுக்க, இரு தரப்பும் விரும்பியது ஒன்றே என்று புரிவதற்குள் நீண்ட, கசப்பான வாக்குவாதமே நடந்துவிட்டதாகச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். ஆகவே, மொழிபெயர்ப்பவர்கள் செய்தி எந்த நாட்டினுடையது என்று முதலில் பார்த்தாக வேண்டும். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

‘டேபிள்’ வரும் வேறு தொடர்களும் உண்டு. ‘அண்டர் த டேபிள்’ என்றால் கள்ளத்தனமாக, பெரும்பாலும் லஞ்சமாகக் கைமாறுவது. ‘டர்ன் த டேபிள்ஸ்’ என்றால் நிலைமையைத் தலைகீழாக மாற்றுதல்; இதில் வருவது சாப்பாட்டு மேசை அன்று. பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பேக்கேமன் வகை விளையாட்டுப் பலகைக்கு அக்காலத்தில் ‘டேபிள்ஸ்’ என்றே பெயர். பலகையைத் திருப்பினால் தோற்றுக்கொண்டிருப்பவரின் நிலை எதிராளிக்கு வந்துவிடும்.