பாம்பன்: தம்பிக்கு வைவாக்ஸ் (மலேரியாவில் ஒரு வகை) மலேரியா 2 மாதத்தில் திரும்பியது ஏன்?

புதுக் கொசுக்கடியாகவும் இருக்கலாம். ஆனால் 5 நாள் மட்டும் மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் படகேறிவிட்டார் என்கிறீர்களே, பழைய கிருமியே எழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

குளோரோகுயின் மாத்திரை இரத்தத்தில் இருக்கும் கிருமியைத்தான் கொல்லும். கல்லீரலில் உறங்கும் கிருமிக்குப் பிரைமாகுயின், அதுவும் 14 நாள் வேண்டும். காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பைப் படித்துப் பாருங்கள்: 5 நாள் பிரைமாகுயின், அதைச் சாப்பிடாததைவிட மேலாகத் தெரியவில்லை, 14 நாள்தான் திரும்புவதைக் குறைத்தது. கடலுக்குப் போனாலும் மாத்திரை கூடவே போகட்டும்.

முதலில் மறுபடி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பழைய சீட்டில் எத்தனை நாள் எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு இருந்தால் பிரைமாகுயின் இரத்த அணுக்களை உடைத்துவிடும். அதனால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போனால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது.