கடல் கடந்த முன்னோரின் ஊரைத் தேடுவோர்க்கு: கேள்வி பதில்

கேள்வி (ஒட்டன்சத்திரம்): எங்கள் பாட்டனாரின் தமையனார் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனாராம். டர்பனில் ‘கோவெண்டர்’ என்று எழுதும் ஒரு குடும்பத்தார் எங்கள் பங்காளிகள்தானா?

பதில்: கவுண்டர் என்பதே அங்கே அவ்வாறு ஆயிற்று. ஆயினும், ஒரே பட்டத்தைப் பல ஊரார் எழுதியதால் அது மட்டும் பங்காளி உறவுக்குச் சான்றாகாது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 பேருக்கும் ஆளுக்கோர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு வரை கப்பல் பதிவேட்டில் எழுதினார்கள். அந்த எண்ணை முதலில் கேட்டு வாங்குங்கள். அக்குடும்பத்தின் பழைய திருமணப் பதிவுகளில் பெரும்பாலும் அது காணப்படும். காதில் விழுந்தபடி எழுத்தர் எழுதிய ஊர்ப்பெயரைக் கண்ணால் படிப்பதைவிட, அப்பகுதிப் பெரியவர் ஒருவரிடம் உரக்க வாசித்துக் காட்டுவது நல்லது.

கேள்வி (சிவகங்கை): பதிவில் மதுரை ஜில்லா என்றிருக்கிறது. மதுரையைச் சுற்றித் தேடியும் ஊர் கிடைக்கவில்லை.

பதில்: ராமநாதபுரம் மாவட்டம் 1910இல்தான் அமைந்தது. அதற்கு முன் உங்கள் சிவகங்கையும் மதுரை ஜில்லாவே. தாலுகாவின் பெயரைப் பாருங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி): எங்களிடம் காகிதம் எதுவுமே இல்லை, ஐயா. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: குலதெய்வக் கோயிலிலிருந்து தொடங்குங்கள். மாசிச் சிவராத்திரிக்குப் பங்காளிகள் அனைவரும் கூடும்போது, தலைக்கட்டு வரி (குடும்பத் தலைவர்தோறும் வாங்கும் கோயில் வரி) நோட்டைக் கேட்டுப் பாருங்கள். பழைய நோட்டுகளைச் சில கோயில்களில் பூசாரி வீட்டுப் பெட்டியிலேயே வைத்திருப்பார்கள். தகப்பன் பெயர் அந்த நோட்டில் இடம்பெற்று, மகன் பெயர் அடுத்து வரவேண்டிய இடத்தில் வராமல் நின்றுபோயிருந்தால், அவர் இறந்தாரா, ஊரைவிட்டுப் போனாரா என்று அங்குள்ள மூத்த பெண்களிடம் விசாரியுங்கள். ஆண்களைவிட அவர்களே கொடிவழியைச் சரியாகச் சொல்வதாக நான் உறுதியாக நம்புகிறேன். அடுத்து, பாகப்பிரிவினைப் பத்திரம். வெளிநாடு போனவரின் பங்கை யார் எடுத்துக்கொண்டார், எந்த உறவின் பேரில் எடுத்துக்கொண்டார் என்ற விவரம் அதில் இருக்கக்கூடும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால் பத்திர எண் கிடைக்கும். அதைக் கொண்டு நகல் பெறலாம்.

கேள்வி (மதுரை): எங்கள் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய பூர்வீகம் எது?

பதில்: இலங்கைக்குக் கங்காணிகள் (தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேற்பார்த்தவர்கள்) வழியாகவே பெரும்பாலோர் சென்றார்கள் என்பதால், நேட்டாலைப்போல் விரிவான பதிவேட்டை எதிர்பார்க்க வேண்டாம். கங்காணிகள் தம் ஊரிலும் உறவிலுமே பெரிதும் ஆள் சேர்த்ததால், பாட்டி குடும்பத்தை அழைத்துச் சென்ற கங்காணியின் ஊரைக் கண்டறிவது பாதி வேலையை முடித்துவிடும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பியிருந்தால், அப்போது கொடுத்த குடும்ப அட்டையை உறவினர் வீடுகளில் தேடுங்கள்.