காலையில அடிச்ச காத்துல டுரியான் மரம் பிளந்துருச்சு, உரம் போடலாமா?

கேள்வி: ஐயா வணக்கம். பினாங்கு பாலேக் பூலாவ் மலைச்சரிவுல அப்பா போட்ட டுரியான் தோட்டம் எங்களுது. முந்தாநாள் காலையில ஆறரைக்கு பழம் பொறுக்கிட்டு இருந்தோம், கடல் பக்கம் கறுத்துச்சு, பத்து நிமிஷத்துல காத்தும் இடியும், ஓடிப்போய் மரத்தடியில நின்னோம். பெரிய அங் ஹே ரக டுரியான் மரம் ஒன்னு கவட்டையில பிளந்து கிளை தொங்குது, ரெண்டு வயசு முசாங் கிங் ரகக் கன்னு நாலு சாஞ்சிருச்சு, பிஞ்சும் நெறைய கொட்டிருச்சு. மரம் தேற உடனே உரம் வைக்கலாமா?

பதில்: தம்பி, உரத்துக்கு அப்புறம் வர்றேன். மரத்தடியில நின்னோம்னு சாதாரணமா எழுதிட்டீங்க, படிச்ச எனக்குத்தான் பக்குன்னுச்சு. இடி ஒரு பக்கம், கிளை ஒரு பக்கம், தலைமேல முள்ளுப் பழம் வேற. உங்களுக்கு வந்தது சுமத்ரா காத்து, ஏப்ரல்லேர்ந்து நவம்பர் வரைக்கும் ராத்திரி மலாக்கா நீரிணைப் பக்கம் திரண்டு விடியக்காலையில மேற்குக் கரையில அடிக்கும், பாலேக் பூலாவ் மேற்க பாத்த ஊரு, நாம பழம் பொறுக்குற நேரமும் அதான். இனிமே மேற்க கறுத்தா கூடைய போட்டுட்டு லோரிக்குள்ள ஏறி கண்ணாடிய ஏத்திருங்க, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சு எறங்குனா போதும். தகரக் கொட்டகை மழைக்குத்தான் ஆகும், மின்னலுக்கு ஆகாது.

சாஞ்ச கன்னுங்கள மண்ணு ஈரமா இருக்கறப்பவே மெதுவா நிமித்துங்க, காஞ்சதும் இழுத்தா மிச்ச வேரும் அறுந்துரும். மூணு பக்கமும் கம்பு நட்டு பழைய டியூப் ரப்பரால தளர்வா கட்டுங்க, கம்பி வேணாம், பட்டைய அறுத்துரும்.

தொங்குற கிளை முறுக்கிக்கிட்டு நிக்கும், செயின்சா பட்டதும் எகிறி அடிக்கும், அதனால பழகின ஆள வச்சு மழையில்லாத நாளா பாத்து அறுங்க. மொதல்ல அடியிலேர்ந்து ஒரு முழம் தள்ளி கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்துட்டு, அதுக்கும் வெளிய மேலேர்ந்து அறுத்தா பட்டை உரியாம விழும், மிச்ச கட்டைய அப்புறம் எடுத்துக்கலாம். கிழிஞ்சுபோன பட்டைய கத்தியால சுத்தமா சீவி விடுங்க. சிலபேரு அதுல தாரோ பழைய எஞ்சின் ஆயிலோ பூசுவாங்க, அந்த வேலையே வேணாம்.

நான் பயப்படுறது காத்துக்கு இல்ல, அதுக்கப்புறம் தேங்குற தண்ணிக்குத்தான். ஃபைட்டோப்தோரா பால்மிவோரான்னு ஒரு கிருமி, ஈர மண்ணுல கிடந்து மழைத்துளி தெறிக்கறப்ப காயத்துல ஏறும், பட்டையில செவப்பா கசிஞ்சு மரத்தையே சாய்ச்சுரும். அதனால இன்னிக்கே வாய்க்கால் அடைப்ப எடுங்க, அடிமரத்துல ஒதுங்குன மண்ணையும் சருகையும் வழிச்சு தள்ளுங்க, பாராங் கத்திய ஒவ்வொரு மரத்துக்கும் ஸ்பிரிட்ல துடைங்க. ரெண்டு மூணு வாரத்துல கசிவு தெரிஞ்சா அந்தப் பட்டைய சுரண்டிட்டு மெட்டலாக்சில் மருந்து பூசணும், அளவ டப்பாவுல பாருங்க, இல்ல விவசாய இலாகாவுல காட்டுங்க. கொட்டுன பிஞ்சு இனிமே பழுக்காது, அதே கிருமி அழுகல்லயும் வளரும், காட்டுப்பன்னியும் தேடி வரும், ஒன்னு விடாம பொறுக்கி தோட்டத்துக்கு வெளிய புதைச்சிருங்க.

உரம் இப்ப வேணாம். டுரியானுக்கு சாப்பாடு எடுக்குற வேரு மேல்மண்ணுலதான் ஓடுது, அது அறுந்து கெடக்கறப்ப உப்பு உரம், அதான் ரசாயன உரம், போட்டா கருகும். புதுத் தளிர் விட்டு எல முத்துன பிறகு, வழக்கமா வைக்கிறதுல பாதி வைங்க.