பித்தப்பைக் கல்லுக்குப் பின்னால் விழும் கருநிழலை மென்பொருளால் நீக்க முடியுமா?

அப்பாவின் வயிற்று ஸ்கேன் படத்தில் கல்லுக்குக் கீழே கருப்புப் பட்டை ஒன்று இறங்குகிறது, வெளிச்சத்தைக் கூட்டினால் அதற்குள் இருப்பது தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கைப்பேசியில் உள்ள படத்தை வைத்துக்கொண்டு முடியாது. (நான் மருத்துவர் அல்லன், இத்தகைய படங்களுக்கு நிரல் எழுதுபவன்.)

அல்ட்ராசவுண்ட் கருவி ஒலியை அனுப்பிவிட்டு எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. மென்திசுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டு, வந்துசேரும் நேரத்தை ஆழமாகவும் வலிமையை வெண்மையாகவும் வரைகிறது. கல் ஒலியில் ஒரு பங்கைத் திருப்பியடித்து, மீதியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. குடல் வாயு இன்னும் மோசம்: தன்மேல் படும் ஒலியில் 99 சதவீதத்துக்கும் மேல் திருப்பிவிடும். ஒலியே போகாத இடத்திலிருந்து எதிரொலி எப்படி வரும்?

எல்லா நிழலும் இப்படி முழு இருட்டு அல்ல. கருப்பை நார்க்கட்டிக்குப் பின்னால் பல நேரங்களில் ஒலி மங்குகிறது, அறுந்துபோவதில்லை. பலவீனமான எதிரொலி வருகிறது. பெரிய வீச்சுள்ள அந்தச் சமிக்ஞையைத் திரைக்கான 256 சாம்பல் நிலைகளுக்குள் அடைக்கும்போதுதான் அது கருப்போடு கருப்பாகிறது. ஸ்கேன் நடக்கும்போதே ஆழத்துக்கேற்பப் பெருக்கத்தைக் கூட்டினாலோ, கருவியின் மூலச் சமிக்ஞை கையில் இருந்தாலோ அதை ஓரளவு மீட்கலாம். சேமித்த ஜேபெக் படத்தில் அதற்கு வழியில்லை; வெளிச்சத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் வெளுக்கும்.

உண்மையான மீட்பு நோயாளி மேசையில் படுத்திருக்கும்போதே நடக்கிறது. இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்வதும், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வதும், விலா எலும்புகளின் இடுக்கில் கருவியை வைப்பதும் ஒலிக்கு வேறு பாதை தேடும் வேலைதான். பல கோணங்களில் ஒலியைச் சாய்த்து அனுப்பி, கிடைத்த படங்களைக் கலக்கும் வசதியும் இன்றைய கருவிகளில் உண்டு. அதில் நிழல் வெளிறும். ஆனால் சிறு கல்லைக் காட்டிக்கொடுப்பதே நிழல்தான் என்பதால், கல்லைத் தேடும்போது இந்த வசதியை அணைத்துவிடுவோரும் உண்டு.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நிழலை நிரப்பும் ஆய்வுகளில் எனக்கு ஒப்புதல் இல்லை. செல்லரித்த ஏட்டில் விடுபட்ட அடியைப் பதிப்பாசிரியர் ஊகித்து எழுதலாம், அடைப்புக்குறி போட்டால் வாசிப்பவருக்குப் புரியும். இங்கே மற்றவர்களின் உடலைப் பார்த்துக் கற்ற திசுவை உங்கள் அப்பாவின் ஈரலில் அடைப்புக்குறி இல்லாமல் ஒட்டுகிறார்கள். 2012இல் மியூனிக் ஆய்வாளர்கள் வெளியிட்ட நம்பக வரைபட முறை எனக்குப் பிடித்தது. எதையும் நிரப்பாமல், படத்தின் எந்தப் பகுதியை எவ்வளவு நம்பலாம் என்று மட்டும் அது குறிக்கும்.

உங்கள் அப்பாவுக்கு வருவோம். அந்த நிழலும், படுக்கை மாறும்போது நகர்வதும்தான் அது சதைவளர்ச்சி அல்ல, கல் என்று மருத்துவர் சொல்வதற்கு ஆதாரம். மறைந்த இடம் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி என்றால், அங்கே முன்சிறுகுடல் வாயுவும் குறுக்கே நிற்கும். அங்கும் கல் இருக்குமோ என்ற சந்தேகம் மருத்துவருக்கு இருந்தால், எம்.ஆர்.சி.பி. (பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுக்கலாமா என்று கேளுங்கள். அது காந்தப்புலத்தில் எடுக்கும் படம் என்பதால் இந்த ஒலிநிழல் அதில் விழாது.